இங்கிலாந்துக் கிராமத்துப் பழைய கட்டடங்கள் இன்னும் நிற்பது மரியாதையாலா?

கேள்வி: இங்கிலாந்தில் சின்னக் கிராமத்தில்கூட 500 ஆண்டுப் பழைய கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. பழமைக்கு அவர்கள் கொடுக்கும் மரியாதைதான் காரணமா? அந்தக் கட்டடங்களில் இப்போது என்ன நடக்கிறது?

"மரியாதை", "அப்படியே" என்ற இரண்டு சொற்களும்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தன. நீங்கள் ஒருவாரச் சுற்றுலா வந்து, ஏதோவொரு கோணல் வீட்டின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியவராக இருக்க வேண்டும். தவறாக நினைக்காதீர்கள். என் பெரியப்பாவும் அப்படித்தான் வந்தார், இதே கேள்வியைத்தான் கேட்டார். அவரிடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது சஃபோக் மாவட்டத்து லாவெனம். சுமார் 1,700 பேர் வாழும் ஊர், அரசின் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள பழைய கட்டடங்கள் மட்டும் 300-க்கு மேல். கணவருக்கு அருகிலுள்ள நகரத்தில் வேலை. நான் வீட்டிலிருந்தே நான்கைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். வரலாறு படித்தவள் அல்லள். இந்த ஊரில் ஒன்பது ஆண்டு குடியிருந்து, ஒரு சுவரால் கைப்பணத்தைத் தொலைத்தவள். என் தகுதி அவ்வளவுதான். "வெள்ளைக்காரனுக்கு வக்காலத்தா" என்று கேட்பவர்களும், "வந்த நாட்டைக் குறை சொல்லலாமா" என்று கேட்பவர்களும் முழுதாகப் படித்துவிட்டுச் சண்டைக்கு வரலாம்.

முதலில் அந்த "அப்படியே". எங்கள் ஊர்ச் சந்தை வெளியில் கில்ட்ஹால் என்ற பெரிய மரக்கட்டடம் இருக்கிறது. 1530-ஐ ஒட்டி, கார்ப்பஸ் கிறிஸ்டி என்ற சமயக் குழு கட்டியது. பணக்காரத் துணி வணிகர்கள் கூடி விருந்து உண்ணவும், இறந்த உறுப்பினர்களுக்காகப் பிரார்த்தனை ஏற்பாடு செய்யவும் ஓர் இடம். கட்டி இருபது ஆண்டுகூட நிம்மதியாக அனுபவிக்கவில்லை. 1547-இல் இத்தகைய குழுக்களை அரசு கலைத்துவிட்டது. பிறகு அது ஊர்ப் பொதுக்கட்டடம் ஆயிற்று, சிறை ஆயிற்று, ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் விடுதி ஆயிற்று, கம்பளி போட்டுவைக்கும் கிடங்கு ஆயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது நகரங்களிலிருந்து அனுப்பப்பட்ட குழந்தைகள் அங்கே தங்கினார்கள். 1951-இல், பழங்கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் கைக்கு வந்தது. இப்போது அருங்காட்சியகம், பக்கத்தில் தேநீர்க்கூடம். விருந்துக்கூடம் சிறையான வரலாற்றில் மரியாதை எங்கே வருகிறது? காலியாக ஒரு கூரை இருந்தது, ஊருக்கு அப்போது எது தேவைப்பட்டதோ அதை அதற்குள் வைத்தார்கள்.

அடுத்து, ஏன் இடிக்கவில்லை என்பது. விடை கொஞ்சம் கசப்பானது: கையில் காசில்லை.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஊர் கொழித்துக் கிடந்தது. நீலச்சாயம் தோய்த்த கனமான கம்பளித் துணி இங்கிருந்து கடல் கடந்து போயிற்று. 1524-இல் அரசு விதித்த வரியில் இங்கிலாந்தின் முதல் இருபது ஊர்களுக்குள் லாவெனமும் ஒன்று. ஸ்பிரிங் என்ற துணி வணிகக் குடும்பம் தேவாலயத்துக்கே அள்ளிக் கொடுத்தது. அதன் கோபுரம் 141 அடி, இன்றும் நான் கடைக்குப் போகும்போதெல்லாம் தலைக்கு மேல் நிற்கிறது. பிறகு கோல்செஸ்டரில் வந்து குடியேறிய டச்சு நெசவாளர்கள் இலேசான, மலிவான துணியை நெய்யத் தொடங்கினார்கள். கனமான நீலத்தை யாரும் கேட்கவில்லை. ஊர் படுத்துவிட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டில் பணமுள்ள மற்ற ஊர்க்காரர்கள் பலர் பழைய மரவீடுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் செங்கல்லில் நேர்நேராகக் கட்டிக்கொண்டார்கள். அதுதான் அன்றைய நாகரிகம். எங்கள் ஊரில் ஒருசிலரால்தான் வீட்டின் முகத்தை மட்டுமாவது செங்கல்லால் மூட முடிந்தது. மற்றவர்கள் ஒழுகுகிற கூரையின் கீழ் இருந்ததை வைத்து ஓட்டினார்கள். அந்த வறுமையைத்தான் இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோம். கோணலுக்கும் ஒரு காரணம் சொல்லிவிடுகிறேன், பெரியப்பா அதை "கலைநயம்" என்றார். ஓக் மரத்தைக் காயவைக்காமல் பச்சையாகவே அறுத்துச் சட்டம் போட்டார்கள். பச்சை மரம்தான் உளிக்கு இசையும். சுவரில் நின்றபடியே அது காய்ந்து, சுருங்கி, முறுக்கிக்கொண்டது.

காசு திரும்பிவந்த காலத்தில் என்ன ஆயிற்று தெரியுமா? வூல் ஹால் என்ற பதினைந்தாம் நூற்றாண்டு மண்டபத்தை 1910-களின் தொடக்கத்தில் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். இடித்து அல்ல, கழற்றி. விக்டோரியா அரசியின் மகள் இளவரசி லூயிஸுக்காக வேறோர் ஊரில் மாட்டி நிறுத்துவதாக ஏற்பாடு. ஊர் கொதித்தெழுந்தது, மரங்கள் திரும்பிவந்தன, பழைய இடத்திலேயே மறுபடி நின்றது. அதன் பிறகு ரயில்வேயில் வேலை செய்த பெண்கள் நோய் தீர்ந்து ஓய்வெடுக்கும் இல்லமாக இருந்தது. 1960-களில் பக்கத்து ஸ்வான் ஹோட்டலோடு இணைத்துவிட்டார்கள். இன்று யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து அங்கே அமரலாம். அதே ஹோட்டலின் மதுக்கூடச் சுவரில், 1944-45-இல் இங்கிருந்த விமானத்தளத்து அமெரிக்க வீரர்கள் போட்ட கையெழுத்துகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இன்று அதே சுவரில் நான் பேனாவை எடுத்தால் போலீஸ் வரும்.

ஒரு கட்டடத்தைக் கழற்றி மாட்ட முடியும் என்பதை நான் நம்பவில்லை, என் வீட்டுச் சுவர் பிரிந்துகிடந்ததைப் பார்க்கும்வரை.

எங்கள் வீடு இரண்டாம் தரப் பட்டியலில் இருக்கும் ஒரு நெசவாளர் வீடு. கதவைத் திறந்தால் நேராகத் தெரு. வாங்கிய இரண்டாம் ஆண்டில் தெருப்பக்கச் சுவரின் அடியில் ஈரம் தெரிந்தது. தெரிந்தவர் ஒருவர் அனுப்பிய கொத்தனார் வந்து, ஒரே நாளில் பழைய பூச்சைத் தட்டிவிட்டுச் சிமெண்ட் பூசிவிட்டார். மொழுமொழுவென்று அழகாகத்தான் இருந்தது. அனுமதி வாங்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. தெரியாது என்பது சாக்கு ஆகாது என்பதும் தெரியாது. பட்டியலில் உள்ள கட்டடத்தின் தன்மையை மாற்றும் வேலையை ஒப்புதல் இல்லாமல் செய்தால் இங்கே அது குற்றவியல் சட்டத்துக்குள் வருகிறது. சிறைத்தண்டனைகூட உண்டு. வெளிச்சுவருக்கு மட்டுமல்ல, உள்ளே இருக்கும் கதவு, மாடிப்படி, அடுப்படி எல்லாவற்றுக்கும் சேர்த்து.

அடுத்த குளிர்காலத்தில் ஈரம் சுவரின் உட்புறம் வந்துவிட்டது. எதிர்வீட்டு மூதாட்டி சிமெண்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "உன் வீட்டுக்கு ரப்பர்ச் சட்டை போட்டுவிட்டார்கள், கண்ணே" என்றார். விஷயம் அதுதான். மரச்சட்டங்களுக்கு நடுவே குச்சிகளைப் பின்னி, வைக்கோல் கலந்த களிமண் அப்பிய சுவர் அது. நம் ஊரில் தட்டி கட்டி மண் பூசுவோமே, அதன் அண்ணன். அது ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விடும். மேலே பூசிய சுண்ணாம்பும் அப்படியே. சிமெண்ட் விடாது. எங்காவது முடிபோல ஒரு விரிசல் விழுந்தால் உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை.

உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து பழங்கட்டட அலுவலர் வந்தார். சிரித்த முகம், சிறிய ஸ்க்ரூடிரைவர். சுவரின் அடிச்சட்டத்தில் அதை வைத்து அழுத்தினார். தேநீரில் ஊறிய ரஸ்க்கில் இறங்குவதுபோல இறங்கியது. ஐந்நூறு ஆண்டு நின்ற மரம். பதினான்கு மாதத்தில் நாங்கள் ஊறவைத்துவிட்டோம். அந்த நேரத்தில் என் கணவர், "விலை குறைவாகத்தான் கேட்டான்" என்று தமிழில் முணுமுணுத்ததை அலுவலருக்கு நான் மொழிபெயர்க்கவில்லை.

வழக்குப் போடவில்லை. சிமெண்டை எடுத்துவிட்டு மரத்தையும் பூச்சையும் முறைப்படி சரிசெய்ய விண்ணப்பிக்கச் சொன்னார்கள். ஒப்புதல் விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, ஆனால் அதில் கேட்கும் வரைபடங்களைப் போட்டுத்தர ஒருவருக்குக் காசு கொடுக்க வேண்டும். ஒப்புதல் வந்தபோது நவம்பர். உறைபனிக் காலத்தில் சுண்ணாம்பு பூசினால் உதிர்ந்துவிடும் என்று அந்த வேலை செய்யும் பெண்மணி கையை விரித்துவிட்டார். ஏப்ரல்வரை எங்கள் வீடு தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. அந்தக் கோலத்தையும் சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்தார்கள்.

ஆனால் சிமெண்டைப் பெயர்த்தெடுத்த அன்று கண்டது வேறு. தெருவைப் பார்த்து ஓர் அகலமான சன்னல் சட்டம், குச்சியும் மண்ணும் வைத்து அடைக்கப்பட்டு, பூச்சுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. கடைச் சன்னல் என்றார் அந்தப் பெண்மணி. பலகையைத் தெருப்பக்கம் இறக்கிவிட்டால் அதுவே கல்லா. எங்கள் வரவேற்பறை ஒரு காலத்தில் கடை. எவரோ விற்பதற்கு ஒன்றுமில்லாமல் அதை அடைத்திருக்கிறார். பக்கத்துத் தூணில் உளியால் கீறிய நான்கு கோடுகள். அதில் சேரும் குறுக்குச் சட்டத்திலும் அதே நான்கு கோடுகள். சட்டங்களைத் தச்சுப் பட்டறையில் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, எண் போட்டு, பிரித்து, இடத்துக்குக் கொண்டுவந்து, துளையில் நாக்கைச் செருகி ஓக் முளை அடித்து நிறுத்துவார்களாம். நம் வீட்டு மரக்கட்டில் போல. வூல் ஹால் கழன்று போய்த் திரும்பிவந்த வித்தை எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அந்தப் பெண்மணி சுண்ணாம்பில் ஆட்டு ரோமத்தைப் பிசைந்தபோது எனக்குக் காரைக்குடி நினைவு வந்தது. எங்கள் ஆச்சி வீட்டில் சுண்ணாம்போடு கடுக்காய்த் தண்ணீர் சேர்த்த கதையைச் சொன்னேன். வேலையை நிறுத்திவிட்டு, எத்தனை நாள் ஊறவைப்பார்கள் என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

இப்போது என் சொந்தப் புலம்பல், கேள்விக்குத் தொடர்பில்லை, விருப்பமில்லாதவர்கள் தாண்டிப் போகலாம். கணக்கு எழுதுபவள் என்பதால் எனக்கு இது பொறுக்கவில்லை. இந்த நாட்டில் வயலை அழித்துப் புது வீடு கட்டினால் மதிப்புக் கூட்டு வரி பூஜ்யம். ஐந்நூறு ஆண்டு வீட்டைப் பழுதுபார்த்தால் 20 சதவிகிதம். பட்டியல் கட்டடங்களில் ஒப்புதல் பெற்ற மாற்றங்களுக்கு இருந்த விலக்கையும் 2012 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். பழுதுக்கோ அதற்கு முன்பும் விலக்கு கிடையாது. "பழமையைப் போற்றும் நாடு" என்று யாராவது பதிவு போட்டால் என் பில்லை அனுப்பிவைக்கத் தோன்றும்.

இப்போது அந்தக் கட்டடங்களில் என்ன நடக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். சந்தை வெளியில் லிட்டில் ஹால் என்ற வீடு, 1390-களில் தொடங்கியது. கேயர்-ஆண்டர்சன் என்ற இரட்டைச் சகோதரர்கள் வாங்கிச் சீர்படுத்தினார்கள். அவர்களில் ராபர்ட்தான் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் புகழ்பெற்ற எகிப்தியப் பூனைச் சிலையைக் கொடுத்தவர். பிறகு ஓவிய மாணவர்கள் தங்கும் விடுதியாக இருந்து, இப்போது அருங்காட்சியகம். பழைய மடத்துச் சொத்து ஒன்று விருந்தினர் இல்லமாயிற்று. 1865-இல் திறந்த ரயில் பாதையில் 1961-இல் பயணிகள் ரயிலை நிறுத்தினார்கள். தண்டவாளம் கிடந்த இடத்தில் நாய்களை நடத்திப் போகிறோம். கார் ஓட்டத் தெரியாத எனக்கு, எல்லாவற்றையும் காப்பாற்றிய ஊர் அந்த ஒன்றைக் கைவிட்டதில் தீராத கோபம்.

எங்கள் தெருவில் வார விடுமுறைக்கு வாடகை விடும் வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன. கதவோரம் எண் அழுத்தும் சாவிப்பெட்டி தொங்கினால் புரிந்துகொள்ளலாம். சனிக்கிழமை விளக்கு எரியும், செவ்வாய்க்கிழமை இருட்டு. கில்ட்ஹால் சிறையாகவும் கிடங்காகவும் இருந்தபோதுகூட உள்ளே ஆள் இருந்தார்கள். இதைச் சொன்னால், "நீயும் வெளியிலிருந்து வந்தவள்தானே" என்று ஒருவர் ஊர்க்கூட்டத்தில் கேட்டார். ஆமாம். ஆனால் செவ்வாய்க்கிழமையும் என் வீட்டில் விளக்கு எரிகிறது.

போன ஆகஸ்டில் ஒரு மதியம், கதவு தாழிடாமல் இருந்தது. ஒரு வயதான தம்பதி நேராக உள்ளே வந்து, அடைத்த கடைச் சன்னலுக்குக் கீழே இருந்த என் மேசையில் அமர்ந்து, கணக்குத் தாள்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு, இரண்டு தேநீரும் கேக்கும் கேட்டார்கள். கேக் இல்லை, முறுக்கு இருந்தது. தேநீரோடு வைத்தேன். எழுந்து போகும்போது அந்த அம்மாள் தட்டுக்கு அடியில் ஐந்து பவுண்ட் வைத்துவிட்டு, கடை எத்தனை மணிவரை என்று கேட்டார்.