விர்ச்சுவல் செட்: முடியோரம் பச்சை தெரிவது ஏன்?

கேள்வி: 14 அடி நீள அறையில் பச்சைத் துணி கட்டி, ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருளில் விர்ச்சுவல் செட் (பின்னணியாக வரும் செட் படம்) வைத்து நேரலை விவாதம் நடத்துகிறோம். பேசுபவரின் முடியோரம் பச்சை தெரிகிறது. சில நாள் சேலை பார்டரே மறைந்துவிடுகிறது. குரலும் உதட்டசைவுக்கு முன்னால் வருகிறது. பச்சையை நீக்கும் குரோமா கீயில், எவ்வளவு நெருங்கிய நிறம்வரை நீக்குவது என்ற சிமிலாரிட்டி அளவைக் கூட்டியும் சரியாகவில்லை.

பதில்: முதலில் சிமிலாரிட்டியை ஆரம்ப அளவான 400-க்கே கொண்டுவாருங்கள். அதைக் கூட்டக் கூட பச்சையை ஒட்டிய நிறங்களும் சேர்ந்து அழியும். பார்டர் காணாமல் போவது அதனால்தான். சரிசெய்ய வேண்டியது அறையின் வெளிச்சத்தை.

முடியோரப் பச்சை, துணியில் பட்டு ஆளின் முதுகுப் பக்கம் திரும்பி விழும் வெளிச்சம். துணிக்கும் நாற்காலிக்கும் இடையே 5 அடியாவது விடுங்கள். மீதி இடம் இடுப்பளவு ஷாட்டுக்குப் போதும். துணிக்கு இரு பக்கமும் ஒவ்வொரு விளக்கு, ஆளுக்குத் தனி விளக்கு. துணி ஆளைவிடப் பளிச்சென்று இருக்கக் கூடாது. கேமராவில் ஜீப்ரா வசதி (குறித்த வெளிச்ச அளவை எட்டிய இடத்தில் வரிகள் காட்டுவது) இருந்தால் அதன் அளவை மெல்ல இறக்கிப் பாருங்கள்: வரிகள் துணி முழுக்க ஒரே நேரத்தில் வந்தால் வெளிச்சம் சமம். ஒரு மூலையில் மட்டும் முதலில் வந்தால் விளக்கை நகர்த்துங்கள். சுருக்கம் இருந்தால் கிளிப் போட்டு இழுத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு மடிப்பும் கீக்கு வேறொரு பச்சை. பளபளக்கும் ஜரிகையும் மூக்குக் கண்ணாடியும் பச்சையை அப்படியே பிரதிபலிக்கும் என்பதால் விருந்தினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பச்சைச் சேலைதான் என்றால் நீலத் துணிக்கு மாறுங்கள்.

கேமராவில் ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர் இரண்டையும் மேனுவலில் பூட்டுங்கள். ஆட்டோவில் விட்டால், வெள்ளைச் சட்டைக்காரர் வந்து உட்கார்ந்ததுமே துணியின் பச்சை மாறிவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டர் 1/50 அல்லது 1/100 வைத்தால் விளக்கு மினுக்காது. கை வேகமாக அசைபவருக்கு 1/100 நல்லது, விளிம்பு குழம்பாது. ஷார்ப்னஸைக் குறையுங்கள், அது தலையைச் சுற்றிப் போடும் கோட்டைக் கீ எடுக்காது.

கேமரா படத்தைக் கணினிக்குக் கொண்டுவரும் கேப்சர் கார்டையும் பாருங்கள். யுஎஸ்பி 2.0 கார்டுகள் 1080 படத்தைப் பெரும்பாலும் எம்ஜேபெக்காக அமுக்கித்தான் தரும். விளிம்பு கட்டம் கட்டமாக உடையும். அப்படி அமுக்காத ஒய்யுஒய்2 வடிவில் படம் தரும் யுஎஸ்பி 3.0 கார்டு வாங்குங்கள். 1080, 30 ஃப்ரேமில் அதற்கு நொடிக்குச் சுமார் 124 எம்பி போகும், 2.0-வில் அது நுழையாது. இந்தச் செலவை விலை உயர்ந்த செட் படங்களுக்கு முன்னால் செய்யுங்கள்.

ஃபில்டர் வரிசையில் குரோமா கீ மேலே, கலர் கரெக்ஷன் கீழே.

ஆள் மிதப்பது போலத் தெரிந்தால் தொடுவானம் பொருந்தவில்லை. செட் படத்தில் தரையும் மேசை விளிம்பும் பின்னோக்கிச் சேரும் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். கேமராவைக் கண் உயரத்தில், சாய்க்காமல் வைத்தால் அந்தப் புள்ளியின் மட்டம் பேசுபவரின் கண் மட்டத்தில் வர வேண்டும். படத்தில் ஜன்னல் இடப்பக்கம் என்றால் முக விளக்கும் இடப்பக்கம். நேரலையில் கேமராவை ஜூம் செய்யாதீர்கள், செட் கூடவே நகராது. ஆளும் செட்டும் சேர்ந்த காட்சியை இன்னொரு காட்சிக்குள் வைத்துப் பெரிதாக்குங்கள். 120 சதவீதத்தைத் தாண்டினால் படம் மங்கும்.

குரல் முந்துவதற்குக் காரணம், மைக் நேராகக் கணினிக்கு வருகிறது, படம் கார்டு வழியாகத் தாமதமாக வருகிறது. கேமரா முன் கைதட்டிப் பதிவுசெய்து, சத்தத்துக்கும் கை சேர்வதற்கும் இடையே எத்தனை ஃப்ரேம் என்று எண்ணுங்கள். 30 ஃப்ரேமில் ஒன்று சுமார் 33 மில்லிசெகண்ட். 4 ஃப்ரேம் என்றால் அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸில் மைக்கின் சிங்க் ஆஃப்செட்டில் 133 போடுங்கள். கார்டின் ஃப்ரேம் ரேட்டை மாற்றினால் மறுபடி கைதட்டிப் பார்க்க வேண்டும்.