நைட் டியூட்டிக்காரரின் வீடு: முதலில் நித்திரை, பிறகு அடுப்பு

யாழ்ப்பாணம் சுன்னாகத்திலிருந்து ஒரு தாதி கேட்டிருக்கிறார்: “எனக்கு விடிய 7 தொடக்கம் 1 வரை, மத்தியானம் 1 தொடக்கம் 7 வரை, இரவு 7 தொடக்கம் விடிய 7 வரை என்று மாறி மாறி டியூட்டி. கணவர் வவுனியாவில் வேலை, கிழமைக்கொருமுறை வருவார். வீட்டில் மாமியும் எட்டு வயது மகனும். நைட் முடிந்து வந்து சமைத்து, தோய்த்து, படுக்கப் பதினொரு மணியாகும். மகன் இரண்டு மணிக்கு வந்ததும் எழும்பிவிடுவேன். எந்நேரமும் களைப்பு. வீட்டு வேலையை எப்படி ஒழுங்குபடுத்துவது?”

வீட்டு வேலையை முடித்துவிட்டுப் படுப்பதுதான் இங்கே பிழை. உடம்பின் உள்மணிக்கூடு வெளிச்சத்தைப் பார்த்து ஓடுவது. விடிந்து நேரம் ஏற ஏற அது உங்களை எழுப்பத்தான் பார்க்கும். எட்டரைக்குப் படுத்தால் ஐந்து மணித்தியாலம் கிடைக்கலாம். பதினொன்றுக்குப் படுத்தால் மகன் வர முன்னமே வெக்கையும் சத்தமும் எழுப்பிவிடும். ஆகவே நைட் முடிந்த காலையில் உங்களுக்கு இருக்கவேண்டியது மூன்றே வேலைகள்: குளிப்பு, கொஞ்சச் சாப்பாடு, படுக்கை. வெறும் வயிற்றோடு படுத்தால் பத்து மணிக்குப் பசி எழுப்பும் என்பதால் இரண்டு இடியப்பமோ ஒரு துண்டுப் பாணோ போதும்.

நைட்டுக்குப் பிறகு நைட் வந்தால் நித்திரையை இரண்டாகப் பிரியுங்கள். எட்டரை தொடக்கம் ஒன்றரை வரை ஒன்று. மகன் சாப்பிட்டபின் மூன்றரை தொடக்கம் ஐந்து வரை இன்னொன்று. அந்த ஒன்றரை மணித்தியாலந்தான் விடியச் சாமம் நாலு மணிக்கு உங்களைத் தாங்கும். உடம்புச் சூடு மிகக் குறைந்து கண் தானாகச் செருகும் நேரம் அது. எழும்பி அரை மணித்தியாலமாவது போனபின் ஸ்கூட்டியை எடுங்கள், எழும்பின உடனே தலை மந்தமாக இருக்கும். டியூட்டியில் கடைசித் தேத்தண்ணி இரண்டு மணியோடு சரி. குடித்த கஃபீனில் பாதி ஐந்தாறு மணித்தியாலத்துக்குப் பிறகும் உடம்பில் நிற்கும்.

படுக்கும் அறையைப் பற்றி யாழ்ப்பாணத்தில் கட்டாயம் பேசவேண்டும். மேற்குச் சுவர் அறை பின்னேரம் அடுப்பாகிவிடும், கிழக்கு அறையில் எட்டு மணி வெயில் நேரே முகத்தில் விழும். வடக்கு அறை இருந்தால் அதை எடுங்கள். யன்னலுக்குக் கறுப்புத் துணி இரண்டு மடிப்பாகத் தைத்து, ஓரங்களில் வெளிச்சம் கசியாதபடி சட்டத்தோடு ஒட்டக் கட்டுங்கள். பாண் ஓட்டோவின் பாட்டும் கோயில் ஒலிபெருக்கியும் நிற்கப்போவதில்லை. பார்மசியில் விற்கும் நுரைப்பஞ்சுக் காதடைப்பானை விரலால் மெல்லியதாக உருட்டி, காதுக்குள் வைத்து, அரை நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். அது உள்ளே விரிந்தால்தான் சத்தத்தை மறிக்கும், சும்மா சொருகினால் விழுந்துவிடும். காற்றாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டால் அதன் ஒரே சீரான இரைச்சல் மிச்சத்தை மூடும். தண்ணி மோட்டரை முதல்நாள் பின்னேரமே போட்டு தாங்கியை நிரப்பிவிடுங்கள்.

இனிச் சமையல். பின்னேர டியூட்டி நாளில் விடிய தொடக்கம் பதினொன்றரை வரை நேரம் உங்களுடையது. கிழமையின் பெரிய சமையலும் திருநெல்வேலிச் சந்தையும் அந்த நாளுக்கு. இரண்டு கிலோ கோதுமை மாவைத் துணியில் தளர்வாகக் கட்டி ஒரு மணித்தியாலம் அவியுங்கள். சூடாக இருக்கும்போதே அரிக்கவேண்டும், ஆறினால் கல்லுப்போல் கட்டிபடும். அரித்த மாவைப் பரப்பி முற்றாக ஆறவிட்டு டின்னில் போடுங்கள். இளஞ்சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். இந்த மா இருந்தால் இடியப்பமோ புட்டோ அரை மணித்தியால வேலை. அவித்த புட்டை ஒரு நேர அளவாகப் பிரித்து உறைபெட்டியில் வைத்து, மறுபடி ஐந்து நிமிடம் ஆவியில் வைத்தால் பழைய பதம் வரும். ஆனால் தேங்காய்ப்பூவை மறுபடி ஆவியில் வைக்கும்போதே சேருங்கள்.

சொதியைப் பால் விட்டு வைத்துவிட்டுப் போகவேண்டாம், திரும்பக் கொதித்தால் திரையும். வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள் போட்டு அவித்த தண்ணியை பிரிட்ஜில் வையுங்கள். பால் சேர்த்து ஒரு கொதி வந்ததும் மாமி இறக்கட்டும், தேசிக்காய்ப் புளி இறக்கினபிறகு. மீனைக் கழுவி மஞ்சளும் உப்பும் பூசி ஒரு நேரத்துக்கு ஒரு பையாக உறைபெட்டியில் வையுங்கள். புளி கூட்டின மீன்குழம்பு பிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும்.

சோறுதான் ஆபத்து. ஆறு மணிக்கு டியூட்டிக்கு வெளிக்கிடும் அவசரத்தில் சூட்டோடு மூடி வைத்த பானை விடியும்வரை வெதுவெதுப்பில் கிடக்கும். அந்த வெதுவெதுப்பில் வளரும் பக்ரீரியா விடும் நஞ்சு, காலையில் சூடாக்கினாலும் அழியாது. சோற்றை அகலத் தட்டில் பரப்பி இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள்.

காலை டியூட்டி நாளில் ஒன்றுக்கு வெளியே வந்தால் வங்கி மூன்று மணிக்குள்ளும் அரச அலுவலகங்கள் நாலேகாலுக்குள்ளும் முடியும். வீட்டுக்குப் போய்த் திரும்பி வராமல் நேரே போங்கள். தோய்ப்பும் அந்த நாளின் பின்னேரத்துக்கே. உடுப்பை இரவில் உள்ளே கொடியில் காற்றாடியடியில் போட்டால் விடிய வெயிலுக்கு மாமி எடுத்துப் போடலாம். வைத்தியசாலை உடுப்பை மட்டும் மற்றதோடு கலக்காமல் வந்தவுடன் தனி வாளியில் சவர்க்காரத் தண்ணியில் ஊறவையுங்கள்.

மாமியிடம் பொதுவாக “கொஞ்சம் உதவி செய்யுங்கோ மாமி” என்று சொன்னால் எல்லாமே திரும்ப உங்கள் தலையில்தான் விழும். மாதத்துக்கு ரோஸ்டர் வந்ததும் கலண்டரில் நைட் நாட்களைச் சிவப்பால் வட்டமிட்டு, சமையலறைக் கதவில் தொங்கவிட்டு, “சிவப்பு நாளில் ஒன்றரைக்கு முன்னம் என்னை எழுப்பவேண்டாம் மாமி, தம்பிக்குச் சாப்பாடு நீங்கள் குடுங்கோ, போன் உங்களிட்டை இருக்கட்டும்” என்று சொல்லிவிடுங்கள். எதற்கு எழுப்பலாம் என்பதையும் சொல்லுங்கள்: பிள்ளைக்குக் காய்ச்சல், பாடசாலையிலிருந்து அழைப்பு. மற்றதெல்லாம் ஒன்றரைக்குப் பிறகு.

வீடு வரும் பத்துக் கிலோமீற்றர் காங்கேசன்துறை வீதியைப் பற்றியும் சொல்லவேண்டும். தொடர்ந்து பதினேழு மணித்தியாலம் முழித்திருப்பவரின் கவனம், கொஞ்சம் மதுவெடுத்தவரின் கவனம் அளவுக்கு இறங்கும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. தலை ஆடினால் முகம் கழுவுவதும் வெற்றிலை போடுவதும் உதவாது. டியூட்டி அறைக் கதிரையில் இருபது நிமிடம் கண்ணை மூடி, தலை தெளிந்தபின் வெளிக்கிடுங்கள், அல்லது பஸ்ஸில் வாருங்கள்.

கடைசி நைட் முடிந்த நாளில் மட்டும் நித்திரையைக் குறையுங்கள். பன்னிரண்டரைக்கு எழும்பி, பின்னேரம் வெளிச்சத்தில் நடமாடி, இரவு ஒன்பதுக்குப் படுத்தால் அடுத்தநாள் ஒழுங்காகும். நித்திரை வராவிட்டால், தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமைக் குளிசையான பிரிற்றன் போடவேண்டாம், அதன் மந்தம் அடுத்த டியூட்டிவரை இழுக்கும். இவ்வளவு செய்தும் மூன்று கிழமையாக நித்திரை பிடிக்கவில்லை, அல்லது ஸ்கூட்டி ஓடும்போது கண் மூடுகிறது என்றால் வைத்தியரைப் பாருங்கள். பொறுப்புத் தாதியிடம் அடுத்தடுத்து வரும் நைட்டைக் குறைத்துக் கேட்பதற்கும் வைத்தியருடைய கடிதம் உதவும்.