பனிச்சரிவுக் கருவிகளைக் கட்டாயமாக்கினால் போதாதா, பயிற்சியும் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். இத்தாலியில் 2022 ஜனவரி முதல், பனிச்சரிவு அபாயமுள்ள இடங்களில் வழக்கமான தடத்தை விட்டுச் சறுக்கப் போகிறவர்கள் டிரான்ஸ்சீவர் (சிக்னல் அனுப்பவும், தேடல் நிலைக்கு மாற்றினால் பிறர் சிக்னலைப் பிடிக்கவும் செய்யும் சிறு கருவி), துழாவும் கோல், மண்வாரி மூன்றையும் கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் டிரான்ஸ்சீவர் யாரையும் புதையாமல் காக்காது. புதைந்தவரைத் தேடத்தான் உதவும். தேட வேண்டியது கூட வந்தவர்கள். முதல் 10, 15 நிமிடம் தாண்டினால் மூச்சுமுட்டிச் சாகும் அபாயம் வேகமாக ஏறும். மீட்புக்குழு அதற்குள் வந்து சேர்வது அரிது.

பழகாத கை எங்கே தடுமாறும்? ஒருவர் தன் கருவியைத் தேடல் நிலைக்கு மாற்ற மறந்தால் போதும், மற்றவர்கள் பக்கத்தில் நிற்கும் அவரையே தேடிக்கொண்டிருப்பார்கள். பையில் கைபேசி இருந்தாலும் சிக்னல் குழம்பும், அணைத்துவிடுங்கள். கடைசி 3 மீட்டரில் அவசரமே கூடாது. கருவியைப் பனியை ஒட்டிப் பிடித்துக் குறுக்கும் நெடுக்குமாக நகர்த்தி, தூரத்தைக் குறிக்கும் எண் மிகக் குறைவாகக் காட்டும் இடத்தில் தொடங்கி, 25 செ.மீ. இடைவெளியில் சுருள்வட்டமாகக் கோலைக் குத்த வேண்டும், பனிப்பரப்புக்குச் செங்குத்தாக. ஆள் தட்டுப்பட்டதும் கோலை உருவாதீர்கள். நேர்மேலே நின்று தோண்டினால் முகத்தருகே உள்ள காற்றிடம் நசுங்கும். சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து உள்நோக்கி வெட்டுங்கள்.

இதெல்லாம் புதைந்த பிறகு. 30 பாகைக்கு மேல் சாய்ந்த சரிவை இன்றைக்குத் தவிர்க்கலாமா என்று பனியைப் பார்த்து முடிவெடுக்கவும் வகுப்பில்தான் கற்றுத்தருகிறார்கள். கையில் பணம் குறைவென்றால் கருவிகளை வாடகைக்கு எடுங்கள், மிச்சத்தை அந்த வகுப்புக்குக் கட்டுங்கள்.