தேருக்கும் கதவுக்கும் ஒரே 'நிலை'

கேள்வி: சுசீந்திரத்தில் மார்கழித் தேரோட்டம் முடிந்ததும் 'தேர் நிலைக்கு வந்தது' என்கிறோம். வீட்டு வாசலிலும் நிலை வைக்கிறோம். இரண்டும் ஒரே சொல்லா?
(வாசகர், சுசீந்திரம்)

பதில்: ஒரே சொல்தான். 'நில்' என்ற வினையடியில் பிறந்தது. நிற்பது, நிற்கும் இடம், நிற்கும் விதம் மூன்றும் அதில் அடக்கம். உறுதி என்ற பொருளும் உண்டு. ஆனால் 'அசையாமை' என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதி வழக்குகள் பிடிபடாது. தேர் ஓடுவதற்கென்றே செய்தது. ஒன்பதாம் திருநாளில் வீதி சுற்றி வந்து அது நிற்கும் இடம் நிலை. அதே கோயிலின் ராஜகோபுரத்துக்கு ஏழு நிலை என்றால், ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் அடுக்குகள். குழித்துறை ஆற்றில் இறங்கும் பிள்ளையிடம் 'அங்க நிலை இல்ல, போகாத' என்றால், கால் ஊன்றத் தரை எட்டாது என்று பொருள்.

கேள்வி: புது வீட்டில் திறந்த கதவு தானே சாத்திக்கொள்கிறது. 'நிலை சரியில்லை' என்கிறார் ஆசாரி. கதவில்தானே குறை?
(வாசகர், தக்கலை)

பதில்: ஆசாரி சொல்வதே சரியாக இருக்கும். கதவு ஆட வேண்டுமானால் அதைத் தாங்குவது ஆடாமல் நிற்க வேண்டும். மரச்சட்டத்துக்கு 'நிலை' என்று பெயர் வந்ததே அதனால்தான். மலையாளம் கலந்து பேசும் இடங்களில் இதையே 'கட்டிள' என்பார்கள். இரண்டு நிலைக்கால், மேல்படி, கீழ்ப்படி சேர்ந்தது ஒரு நிலை.

கீல் அடிக்கும் கால் செங்குத்தாக இல்லையென்றால் கதவு தன் பாரத்தாலேயே திறக்கும், அல்லது சாத்தும். தூக்குக்குண்டை (நூலில் தொங்கவிட்டுச் செங்குத்துப் பார்க்கும் குண்டு) முகப்பில் மட்டும் பிடித்துப் பார்த்துவிட்டுப் பக்கவாட்டில் பார்க்காமல் விடுவதால் வரும் கோளாறு இது. இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். மேல்படி, கீழ்ப்படி கிடைமட்டமாக இருக்கின்றனவா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பிறகு மூலைக்கு மூலை நாடா பிடியுங்கள். உள்ளளவு 7 அடிக்கு 3½ அடி என்றால், இரண்டு மூலைவிட்டமும் ஏறக்குறைய 7 அடி 10 அங்குலம் வரும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் சட்டம் கோணிவிட்டது. கீழ்ப்படி இல்லாத நிலையானால், சுவர் எழும்பி முடியும்வரை அடியில் குறுக்குச் சட்டம் அடித்து வைக்கவேண்டும். இல்லாவிட்டால் கட்டு தள்ளிக் கால்கள் உள்ளே ஒடுங்கும்.

சாய்வு சிறிதானால் ஒரு கீலுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்துச் சரிக்கட்டலாம். அரை அங்குலம் போய்விட்டால் நிலையைப் பெயர்த்துத் திரும்ப வைப்பதே வழி. மழைக்காலத்தில் மட்டும் கதவு இறுகுகிறது என்றால் அது வேறு; மரம் ஈரத்தில் உப்புவது. மழை முடியுமுன் இழைத்துவிடாதீர்கள், வெயில் காலத்தில் இடுக்கு விழும்.

கேள்வி: 'நிலையின் திரியாது அடங்கியான் தோற்றம் மலையினும் மாணப் பெரிது' என்ற குறளில் நிலை என்பது அசையாதிருப்பதா?
(வாசகர், கன்னியாகுமரி)

பதில்: இல்லை. 124ஆம் குறள், அடக்கமுடைமை அதிகாரம். தனக்குரிய நெறியிலிருந்து மாறாதவன் என்பதே கருத்து. அவன் ஊர் ஊராக அலையலாம், உழைக்கலாம், நெறி பிறழக்கூடாது.

கேள்வி: 'நிலமை' சரியா, 'நிலைமை' சரியா?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: நிலைமை. பேச்சில் 'ஐ' குறுகுவதால் எழுத்திலும் அது நழுவுகிறது. கூடவே ஒன்று: 'மழை பெய்துவரும் நிலையில் பள்ளிகளுக்கு விடுமுறை' என்று எழுதாதீர்கள். 'மழை பெய்வதால்' என்றால் காரணம் தெளிவாகும். 'நிலையில்' அதை மறைத்துவிடுகிறது.

கேள்வி: 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் குமரிக் கடலில் நிலைகொண்டுள்ளது' என்று செய்தி வந்தால், அது நகராது என்று எடுத்துக்கொள்ளலாமா?
(வாசகர், குளச்சல்)

பதில்: கூடவே கூடாது. அந்த நேரத்தில் அதன் மையம் இருந்த இடத்தைச் சொல்லவும் 'நிலைகொண்டுள்ளது' என்றே எழுதுகிறார்கள். அடுத்த மணியில் அது நகர்ந்திருக்கலாம். செய்தியில் எத்தனை மணி நிலவரம் என்று முதலில் பாருங்கள். பிறகு எந்தத் திசையில், என்ன வேகத்தில் நகரும் என்ற வரியைத் தேடுங்கள். நகராமல் நின்றால் 'ஒரே இடத்தில் நீடிக்கிறது' என்று தனியாகச் சொல்வதே தெளிவு. வள்ளம் இறக்கலாமா என்பதை இந்த ஒரு சொல்லை வைத்து முடிவு செய்யாதீர்கள். மீனவர்களுக்கான எச்சரிக்கை வரியை முழுதாகப் படியுங்கள்.