கிருமி செத்தால் நஞ்சும் போய்விடுமா?

"எக்சோடாக்சின், எண்டோடாக்சின் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பாக்டீரியாவைக் கொன்றுவிட்டால் அதன் நஞ்சும் அழிந்துவிடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அழியாது. வித்தியாசத்தைப் பார்த்தால் ஏன் என்பது புரிந்துவிடும்.

நர்சிங் மாணவிகளுக்கு நுண்ணுயிரியல் எடுக்கிறேன். எண்டோடாக்சின் என்றால் கிருமிக்கு உள்ளே இருக்கும் நஞ்சு என்றுதான் பலரும் எழுதுவார்கள். அந்தப் பெயர் செய்யும் குழப்பம் அது. உண்மையில் அது கிராம் நெகட்டிவ் (கிராம் சாயச் சோதனையில் ஊதா நிறம் நிற்காத) பாக்டீரியாவின் வெளிச்சவ்விலேயே இருக்கும் லிப்போபாலிசாக்கரைடு, அதாவது கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த பெரிய மூலக்கூறு. கிருமி சிதையும்போது மொத்தமாகக் கழன்று வரும். காய்ச்சல், குளிர் நடுக்கம், அளவு மிஞ்சினால் ரத்த அழுத்தம் சரிவது என்று, எந்தக் கிருமியிலிருந்து வந்தாலும் விளைவு ஏறக்குறைய ஒன்றுதான். அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் கருவியின் 121 டிகிரியில் கிருமி செத்துவிடும், இது அப்படியே இருக்கும். கண்ணாடிச் சாமான்களில் இதை ஒழிக்க 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி நேரம் வைக்கிறார்கள். ரத்தக்குழாயில் ஏற்றும் மருந்துகளுக்கு எண்டோடாக்சின் சோதனை தனியாக இருப்பது இதனால்தான்.

எக்சோடாக்சின் பாக்டீரியா உருவாக்கி வெளியே விடும் புரதம். துளியிலும் துளி போதும், ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கு. ரணஜன்னி (டெட்டனஸ்) நஞ்சும், கெட்டுப்போன டப்பா உணவில் வரும் பாட்டுலினம் நஞ்சும் நரம்பு முனையில் ஒரே குடும்பப் புரதங்களைத்தான் வெட்டுகின்றன. பாட்டுலினம் தசையைத் தொடும் நரம்பில் வெட்டுவதால் தசை துவண்டுவிடும். ரணஜன்னி நஞ்சோ தண்டுவடம் வரை ஏறி, தசையை அடக்கி வைக்கும் நரம்புகளை முடக்குவதால் உடம்பு வில்லாக விறைக்கும். புரதம் என்பதால் ஃபார்மலினில் வீரியம் போக்கித் தடுப்பூசி ஆக்கலாம்; டெட்டனஸ் ஊசி அப்படி வந்ததுதான்.

எக்சோடாக்சின்களில் பெரும்பாலானவை கொதித்தால் சிதையும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா உணவில் விடும் நஞ்சு போன்ற சில கொதிநிலையையும் தாங்கும். சமைப்பவரின் கைப்புண்ணிலிருந்து இந்த ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி பால் பண்டத்துக்குள் இறங்கி, பண்டம் சில மணி நேரம் வெளியே கிடந்தால், அப்புறம் சூடாக்கிப் பயனில்லை. தயவுசெய்து கொட்டிவிடுங்கள்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தவறியதால் காலரா ஆராய்ச்சியே நெடுங்காலம் தடம் மாறியது. காலராக் கிருமி ஒரு நஞ்சை வெளியிடுகிறது என்று ஜெர்மன் நுண்ணுயிரியல் அறிஞர் ராபர்ட் கோக் 1884இலேயே ஊகித்தார். ஆனால் 1892இல் அவரிடம் பணியாற்றிய ரிச்சர்ட் ஃபைஃபர், செத்த காலராக் கிருமிகளும் கினிப்பன்றிகளைக் கொல்வதைக் கண்டு எண்டோடாக்சின் என்று பெயர் வைக்க, பலரும் அந்தப் பக்கம் போனார்கள். 1959இல் கொல்கத்தாவின் சம்புநாத் டே, கிருமிகளை வடிகட்டி நீக்கிய வளர்ப்புத் திரவத்தை முயலின் கட்டிய குடல் துண்டில் செலுத்தினார். குடல் நீர் கோத்து உப்பியது. கிருமி இல்லாமலே இது நடந்ததால், நஞ்சு கிருமி வெளியே விட்ட எக்சோடாக்சின்தான் என்று தெரிந்தது. நான் வகுப்பில் அதிக நேரம் சொல்வது இந்தச் சோதனையைத்தான். அந்த நஞ்சு குடல் செல்களைக் கொல்வதில்லை, உப்பையும் நீரையும் வெளியே கொட்ட வைக்கிறது. குளுக்கோஸோடு உப்பை உறிஞ்சும் வழி பழுதாகாமல் இருப்பதால்தான் ஓஆர்எஸ் கரைசல் காலராவில் வேலை செய்கிறது.