முழுமை பெறாத விளையாட்டுக்கு இப்போதே பணம் கட்டலாமா?

கேள்வி: காட்பாடியில் கல்லூரியில் படிக்கும் என் மகள், ‘இன்ஸாய்’ என்ற கணினி விளையாட்டை ஸ்டீம் தளத்தில் வாங்கித் தரும்படி கேட்கிறாள். மனிதர்களை உருவாக்கி, வீடு கட்டி, அவர்களுடைய அன்றாட வாழ்க்கையை நடத்தும் விளையாட்டாம். அது இன்னும் முழுமை பெறவில்லை, ‘ஏர்லி ஆக்சஸ்’ நிலையில் இருக்கிறது என்றும் அவளே சொல்கிறாள். வாங்கலாமா? பாதியில் கைவிட்டுவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: கைவிட்டார்கள் என்ற காரணத்துக்காக மட்டும் பணம் திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சில குழுவினரால் விளையாட்டை முடிக்க இயலாமல் போகலாம் என்று ஸ்டீம் தளமே முன்கூட்டி எச்சரித்துவிடுகிறது. பெரிய நிறுவனம் என்பதும் உத்தரவாதமல்ல. இதே வகையைச் சேர்ந்த ‘லைஃப் பை யூ’வை, பலமுறை தள்ளிவைத்த பிறகு, பாரடாக்ஸ் நிறுவனம் 2024 ஜூனில் அடியோடு நிறுத்திவிட்டது.

வாங்கிய 14 நாள்களுக்குள், விளையாடிய நேரம் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால், ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மற்ற விளையாட்டுகளுக்குப் போதுமான இந்த அவகாசம், வாழ்க்கை விளையாட்டுக்கு மிகவும் குறைவு. முகத்தையும் உடையையும் அமைத்து, ஒரு வீட்டையும் கட்டி முடிப்பதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிடும். குறைகளோ, அந்தப் பாத்திரங்கள் வேலைக்குப் போய், பழகி, வளரத் தொடங்கிய பிறகுதான் தெரியவரும். விளையாட்டைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் அந்த நேரமும் கணக்கில் சேரும். ஆகவே உங்கள் மகள் முதல் நாளில் ஆயத்த உருவம் ஒன்றையும் ஆயத்த வீடு ஒன்றையும் எடுத்துக்கொண்டு, நேராக வாழ்க்கையை ஓட்டிப் பார்ப்பதே நல்லது. ஆசை தீர வீடு கட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அதற்கும் முன்பு மடிக்கணினியைப் பாருங்கள். அன்ரியல் இன்ஜின் 5 என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் உருவான இதற்குக் குறைந்தபட்சமாகவே 12 ஜிபி ரேமும் ஆர்டிஎக்ஸ் 2060 தரத்தில் கிராஃபிக்ஸ் கார்டும் கேட்கிறார்கள். கல்லூரிப் பாடத்துக்கென வாங்கிய சாதாரண மடிக்கணினியில், அதுவும் வேலூரின் மே மாத வெயிலில், இதை ஓட்டும் எண்ணமே வேண்டாம்.

கருவி போதுமானது என்றால், இன்றைக்கு அதில் உள்ளவை மட்டுமே கொடுக்கும் விலைக்குத் தகுமா என்று பார்த்து முடிவெடுங்கள். 2025 மார்ச் 28 அன்று வெளியானதிலிருந்து இதை வெளியிட்ட கிராஃப்டன் நிறுவனம் புதுப்பிப்புகளைத் தந்துவருவது உண்மைதான். ஆனாலும் வரப்போவதாகச் சொல்லும் அம்சங்களுக்கு நான் ஒரு ரூபாய்கூட மதிப்புப் போடமாட்டேன். புதுப்பிப்பு வரும்போது பழைய சேமிப்புக் கோப்பு சிக்கலாகவும் வாய்ப்புண்டு என்பதால், அந்தக் கோப்புக்கு நகல் எடுத்து வைப்பது அவசியம். இந்த வகை அவளுக்குப் பிடிக்குமா என்பதே ஐயமாக இருந்தால், ‘தி சிம்ஸ் 4’-இன் அடிப்படை விளையாட்டு 2022 அக்டோபர் முதல் இலவசம். கூடுதல் தொகுப்புகளுக்குத்தான் காசு.

முழுமையற்றது என்று அறிந்தே வாங்குவதால், அந்தக் குறையைக் காட்டி மட்டும் வழக்கில் வெல்வது கடினம். விதிப்படி தரவேண்டிய பணத்தைத் தர மறுத்தாலோ, இருப்பதாக விளம்பரம் செய்த அம்சம் இல்லாமலிருந்தாலோ நிலைமை வேறு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதற்கும் தீர்வு வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் வேலூர் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். வாங்கியதற்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வாங்கிய ரசீதையும், அன்றைய விற்பனைப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட்டையும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.