இயற்பியல் படித்தவருக்கு டேட்டா சயன்ஸில் என்ன வேலை? கேள்வி பதில்

துகள் இயற்பியலில் பிஎச்.டி. முடித்துவிட்டு, ஒன்பது வருடமாகத் தொழிற்சாலை இயந்திரங்களின் டேட்டாவோடு மல்லுக்கட்டுகிறேன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, நீங்கள் படித்த இயற்பியல் கம்பெனியில் நிஜமாகவே பயன்படுகிறதா? இல்லை, "கணக்கு வரும், ஆள் கெட்டி" என்பதற்காக மட்டும் எடுத்துக்கொள்கிறார்களா?

பயன்படுகிறது தம்பி, ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். ஓர் ஆலையில் மோட்டார் பேரிங் பழுதாகும் முன்பே எச்சரிக்க ஒரு மாடல் கட்டியிருந்தார்கள். மூன்று மாத உழைப்பு, நியூரல் நெட்வொர்க் (மூளை நரம்புகளைப் பார்த்துச் செய்த கணக்கு வலைப்பின்னல்) எல்லாம் உண்டு. ஆனால் ஒரு பழுதைக்கூட அது முன்கூட்டிச் சொல்லவில்லை.

தண்டு நிமிடத்துக்கு 1500 சுற்று, அதாவது நொடிக்கு 25. பேரிங்கில் ஒன்பது குண்டுகள். வெளிவளையத்தில் ஒரு கீறல் விழுந்தால், ஒவ்வொரு குண்டும் அதன்மேல் ஏறி இறங்கும்போது ஒரு தட்டு. குண்டுகள் தண்டைவிட மெதுவாகத்தான் சுற்றிவரும், அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் நொடிக்குச் சுமார் 90 தட்டு வரும். நான் கேட்டது ஒன்றுதான்: சென்சார் நொடிக்கு எத்தனை முறை பதிவு செய்கிறது? 100 முறை என்றார்கள். சரி, கதை முடிந்தது.

நொடிக்கு 100 முறை அளந்தால் 50 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 50 தட்டுக்குக் கீழே உள்ள அதிர்வைத்தான் நம்பலாம். 90 ஹெர்ட்ஸ் அதிர்வு அங்கே 10 ஹெர்ட்ஸாக வேஷம் போட்டு வந்து நிற்கும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னால் சுற்றுவதுபோல் தெரியுமே, அதே சங்கதிதான். இவர்களோ அந்த 10 ஹெர்ட்ஸை இரைச்சல் என்று வடிகட்டிக் கழித்தே விட்டிருந்தார்கள்! மாடலில் குறை ஒன்றும் இல்லை, அளந்த விதத்தில்தான் கோளாறு. "இந்த எண் எப்படி வந்தது?" என்று முதலில் கேட்கும் பழக்கத்தைத்தான் லேப் எங்களுக்குக் கொடுத்தது.

கேள்வி: துகள் இயற்பியலில் மெஷின் லேர்னிங் சமீபத்தில் வந்ததுதானே?

இல்லை. 2012-இல் ஹிக்ஸ் போசான் என்ற துகளைக் கண்டுபிடித்தபோதே பூஸ்டட் டிசிஷன் ட்ரீ என்ற மெஷின் லேர்னிங் முறை பயன்பட்டது. அதைக் கண்டுபிடித்த செர்ன் ஆய்வகத்தின் மோதுவளையத்தில் புரோட்டான் கொத்துகள் நொடிக்குச் சுமார் 4 கோடி முறை ஒன்றையொன்று கடக்கின்றன. அத்தனையையும் சேமிக்க வட்டு ஏது? எதை வைப்பது, எதை விடுவது என்று அந்தக் கணமே முடிவாகிவிட வேண்டும். வங்கியில் மோசடிப் பரிவர்த்தனையைப் பிடிப்பதும் ஏறக்குறைய இதே வேலை: குவியலில் அபூர்வமான ஒன்றைத் தேடுவது, அதுவும் ஓடுகிற ஓட்டத்தில்.

2014-இல் ஹிக்ஸ் டேட்டாவை வைத்து, டேட்டா சயன்ஸ் போட்டிகள் நடத்தும் காகிள் தளத்தில் ஒரு போட்டி நடந்தது. அதே பூஸ்டட் ட்ரீ முறையில் செய்த, இன்று பல கம்பெனிகளில் ஓடுகிற எக்ஸ்ஜிபூஸ்ட் மென்பொருள் அங்கேதான் பலர் கண்ணில் பட்டது.

கேள்வி: பங்குச் சந்தைக்கு இயற்பியலாளர்கள் போவது ஏன்? பணம்தானே?

பணமும்தான், ஒளிப்பானேன். ஆனால் ஆப்ஷன் (பங்கைப் பின்னொரு நாளில் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) விலைக்கான பிளாக்-ஷோல்ஸ் சமன்பாட்டை மாறிகளை மாற்றி எழுதினால் வெப்பம் பரவும் சமன்பாடு வந்து நிற்கும். ஏற்கெனவே போட்டுப் பழகிய கணக்கு. இயற்பியலாளர் இமானுவேல் டெர்மன் 1985-இல் கோல்ட்மன் சாக்ஸ் என்ற முதலீட்டு வங்கிக்குப் போனார், அப்புறம் அது ஒரு பாதையாகவே ஆகிவிட்டது. எனக்கு அந்தப் பக்கம் மனம் போகவில்லை. நாம் கணிப்பது எலக்ட்ரானுக்குத் தெரியாது. சந்தைக்குத் தெரிந்துவிடும், தெரிந்ததும் நடத்தையை மாற்றிக்கொள்ளும்.

கேள்வி: 2024 இயற்பியல் நோபல், நியூரல் நெட்வொர்க் வேலைக்காக ஹாப்ஃபீல்டுக்கும் ஹின்டனுக்கும் போனது நியாயமா? அது கணினி அறிவியல் இல்லையா?

ஹாப்ஃபீல்டு 1982-இல் போட்ட வலைப்பின்னல் காந்தப் பொருள்களின் கணிதத்திலிருந்து வந்தது. ஆற்றல் குறைந்த பள்ளங்களில் நினைவுகள் உட்கார்ந்திருக்கும், பாதி மறந்த உருவத்தைக் கொடுத்தால் அது உருண்டுபோய் சரியான பள்ளத்தில் விழும். ஹின்டனின் வலைப்பின்னலுக்குப் பெயரே போல்ட்ஸ்மன் மெஷின், இயற்பியலாளர் போல்ட்ஸ்மன் பெயர்தான். எனக்கு உறுத்தவில்லை. என் பழைய பிஎச்.டி. கைடுக்கு உறுத்தியது, அது வேறு கதை.

கேள்வி: இயற்பியலாளர்கள் சொதப்புவது எங்கே?

முடிக்கத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சின்ன சோதனை: இரண்டு பராமரிப்பு அட்டவணைகளில் எது மேல்? துகள் இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து சிக்மா வேண்டும், அதாவது வெறும் தற்செயலாக அப்படித் தோன்ற 35 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் இருக்க வேண்டும். அந்தப் பிடிவாதத்தோடு நானும் "இன்னும் டேட்டா வேண்டும்" என்று மூன்று வாரம் இழுத்தேன். மேனேஜர் வந்து, "தப்பானால் அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம் அம்மா, வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. இன்னொன்று, நம்மவர்களுக்கு எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிலிருந்து டேட்டாவைக் கேட்டு எடுக்கும் மொழி) என்றால் இளக்காரம். பாதி நாள் வேலையே அதில்தான் போகும்.

கேள்வி: எம்.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சான்றிதழ் வகுப்புகளில் சேரட்டுமா அக்கா?

பணத்தைக் கொட்டாதீர்கள் தங்கச்சி. ஃபோனில் ஃபைஃபாக்ஸ் (phyphox) என்ற இலவச ஆப் இருக்கிறது, ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தார் செய்தது. அதைப் போட்டு, வீட்டுக் கிரைண்டர்மேல் ஃபோனை ஒட்டி அதிர்வைப் பதிவு செய்யுங்கள். உளுந்துக்குத் தனி, அரிசிக்குத் தனி. எது அரைபடுகிறது என்று அதிர்வை மட்டும் வைத்துச் சொல்கிற மாடல் ஒன்று கட்டுங்கள். ஒரே நாள் பதிவைத் துண்டு போட்டு, பாதியில் பயிற்சி, மீதியில் சோதனை என்று செய்தால், இரண்டு பாதியும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால் மாடல் 99 சதவீதம் காட்டி ஏமாற்றும். அடுத்த வாரம் அரைக்கும்போது எடுத்த பதிவில் சோதியுங்கள், அப்போது வருகிற மார்க்கை ரெஸ்யூமேயில் போடுங்கள். குறைவாக இருந்தாலும் போடுங்கள், ஏன் குறைந்தது என்று இரண்டு வரியோடு. நேர்காணலில் நான் உட்கார்ந்தால் அந்த இரண்டு வரியைத்தான் முதலில் படிப்பேன்.

ஃபோனில் மாவு தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.